மணலில் டயர் காற்றைக் குறைக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

துபாய்–ஹத்தா சாலையோரம் பதாயர் மணல்மேடுகளில் வார விடுமுறையன்று புதையும் வண்டிகளில் பலவற்றுக்கு எஞ்சினிலோ ஃபோர் வீலிலோ குறை இருக்காது. டயரில் இன்னும் 25 பிஎஸ்ஐ (காற்றழுத்த அளவு) இருக்கும். சாலைக்கு 35 வைப்பவர் பத்தைக் குறைத்ததையே பெரிதாக நினைக்கிறார். மணலுக்கு அது போதாது. சாதாரண எஸ்யூவிக்கு 15 முதல் 18 வரை வைக்கலாம். அபுதாபியின் லிவா பாலைவனப் பக்கம்போல மாவாய்க் கிடக்கும் மணலென்றால் 12 முதல் 14. காற்று குறைந்தால் டயர் அகலமாகும் என்பார்கள். உண்மையில் தரையில் படியும் பகுதி நீளவாக்கில்தான் அதிகம் கூடுகிறது. எடை பரவுவதால் டயர் மணலைத் தோண்டாமல் மேலே ஏறி ஓடுகிறது.

புதைந்த பிறகு குறைத்துக்கொள்ளலாம் என்று உள்ளே போவது அடுத்த தவறு. அச்சு மணலில் உட்கார்ந்துவிட்டால் வால்வுக்குக் கைகூட எட்டாது. தார்ச்சாலை முடியும் இடத்திலேயே நான்கு டயரிலும் காற்றை இறக்கிவிடுங்கள். ஸ்டெப்னியைத் தொட வேண்டாம். சாவி முனையால் வால்வை அமுக்கிக்கொண்டு நின்றால் வெயிலில் நேரம்தான் போகும், அளவும் கணக்கில் வராது. வால்வில் திருகி மாட்டிக் காற்றை இறக்கும் ஸ்க்ரூ வகை டிஃப்ளேட்டரும், அழுத்தம் பார்க்க நம்பகமான கேஜும் வாங்குங்கள். வால்வுக்குள் காற்றை அடைத்து நிற்கும் பின்னையே கழற்றுபவர்கள் இரண்டு மூன்று பின்களை உபரியாக வைத்திருக்க வேண்டும். மணலில் விழுந்த பின்னை ஊதிவிட்டுத் திரும்ப மாட்டினால் சீலில் ஒரு மணல் துகள் சிக்கி இரவெல்லாம் காற்று கசியும். மாட்டியதும் வால்வு வாயில் எச்சில் தடவிப் பாருங்கள், குமிழி வந்தால் பின்னை மாற்றிவிடுங்கள்.

சூட்டைக் கணக்கில் எடுக்காதவர்கள் அதிகம். சுமார் 6 டிகிரி வெப்பத்துக்கு 1 பிஎஸ்ஐ மாறும் என்பது சாலை அழுத்தத்துக்கான கணக்கு. குறைந்த அழுத்தத்தில் மாற்றம் இன்னும் கொஞ்சம் குறைவு. நெடுஞ்சாலையில் ஓடி 50 டிகிரியில் கொதிக்கும் டயரை 15க்கு இறக்கி, மணலிலேயே கூடாரம் போட்டுத் தங்கினால், 12 டிகிரி குளிரில் விடியும்போது அதே டயர் 11, 12தான் காட்டும். அதைப் பார்க்காமல் கிளம்பி ஸ்டியரிங்கை ஒடித்தால் டயர் ரிம்மை விட்டுக் கழன்றுகொள்ளும். காலையில் முதல் வேலை கேஜைக் கையில் எடுப்பது.

டயர் இப்படிக் கழல்வதற்கு முக்கியக் காரணம் ஓட்டும் முறை. 35இல் ஓட்டுவதுபோல 15இலும் திருப்பக் கூடாது. மேட்டின் சரிவில் குறுக்காகச் சறுக்கும்போது கீழ்ப்பக்க முன்டயர்தான் முதலில் போகும். அகலமான வட்டமாகத் திரும்புங்கள். நிறுத்துவதற்கு பிரேக்கை மிதித்தால் சக்கரத்துக்கு முன்னால் மணல் குவிந்து, நின்ற இடத்திலேயே மாட்டிக்கொள்வீர்கள். ஆக்ஸிலரேட்டரை விட்டாலே வண்டி நின்றுவிடும். 20 அங்குல ரிம், ஒல்லிப் பக்கச்சுவர் டயரோடு வந்தவர்களுக்குக் காற்றை இறக்க இடமே குறைவு. மேட்டில் ரிம் இடித்து வளையும். அவர்கள் பெரிய மேடுகளைத் தவிர்ப்பது நல்லது.

அப்படியும் புதைந்தால் ஆக்ஸிலரேட்டரை அழுத்தாதீர்கள், ஒவ்வொரு சுற்றும் குழியை ஆழமாக்கும். சக்கரத்தைச் சுற்றி மணலை வாரி, காற்றை 10 வரை இறக்கி, ஸ்டியரிங்கை நேராக்கி, வந்த தடத்திலேயே மெதுவாகப் பின்னால் வாருங்கள். கெட்டித் தரை வந்ததும் மறுபடி 15க்கு ஏற்றிவிடுங்கள். சப்கா எனப்படும் உப்புத்தரையில் மட்டும் இந்த வித்தையெல்லாம் எடுபடாது. மேல் ஓடு உடைந்தால் அடியில் சேறு. அங்கே இறங்காமலே இருப்பதுதான் வழி.

உயிருக்கே ஆபத்தான தவறு திரும்பும் வழியில் நடக்கிறது. பெட்ரோல் பங்கில் ஏற்றிக்கொள்ளலாம் என்று 15 பிஎஸ்ஐயோடு 100 கிலோமீட்டர் வேகத்தில் போவது. பக்கச்சுவர் மடிந்து மடிந்து நிமிர்வதில் சூடேறி டயர் வெடிக்கும். சொந்தமாக கம்ப்ரஸர் வேண்டும். பெரிய கம்ப்ரஸர் 30 ஆம்பியருக்கு மேலும் இழுக்கும். அதை சிகரெட் லைட்டர் சாக்கெட்டில் செருகினால் ஃப்யூஸ் போகும். பேட்டரியில் நேராகக் கிளிப் மாட்டி, எஞ்சினை ஓடவிட்டு ஏற்றுங்கள். கம்ப்ரஸர் கெட்டுப்போய் வேறு வழியே இல்லையென்றால் ஹசார்ட் லைட்டைப் போட்டு, ஓரமாக, 40ஐத் தாண்டாமல் அருகிலிருக்கும் பங்கு வரை மட்டும் போகலாம்.