அமெரிக்கா வழியாகக் கனடா போகும் சிங்கப்பூர் பாஸ்போர்ட்காரர்களுக்கு

செங்கோட்டையில் விமான டிக்கெட் போட்டுக் கொடுக்கிறேன். கடையநல்லூர், தென்காசிக் குடும்பங்கள் பலவற்றுக்குத் தலைமுறை தலைமுறையாகச் சிங்கப்பூர்த் தொடர்பு உண்டு. கல்யாணத்துக்கு ஊருக்கு வந்துவிட்டு, அப்படியே திருவனந்தபுரத்தில் ஏறி டொராண்டோவில் இருக்கும் பிள்ளையைப் பார்க்கப் போகிறவர்கள் என்னிடம் கேட்பது ஒன்றுதான்: "நம்ம பாஸ்போர்ட்டுக்குத்தான் விசா வேண்டாமே, அப்புறம் என்ன?"

விசா வேண்டாம், சரி. முன் அனுமதி வேண்டும். கனடாவுக்கு விமானத்தில் போக இடிஏ (eTA) என்ற அனுமதி எடுக்க வேண்டும். கட்டணம் 7 கனடா டாலர். 5 ஆண்டு வரைக்கும் செல்லும்; அதற்குள் பாஸ்போர்ட் முடிந்தால் அதுவும் முடிந்தது. வழியில் நியூயார்க்கில் விமானம் மாறுவதாக இருந்தால் அமெரிக்காவின் எஸ்டா (ESTA) என்ற முன் அனுமதியும் கட்டாயம். துபாயில் மாறுவதுபோல் உள்ளேயே உட்கார்ந்திருந்து அடுத்த விமானம் ஏறும் வசதி அமெரிக்காவில் கிடையாது. இரண்டு மணி நேர இடைவெளி என்றாலும் குடிநுழைவு அதிகாரி முன்னால் நின்றாக வேண்டும். பெரும்பாலும் பெட்டியையும் எடுத்து மறுபடி போட வேண்டியிருக்கும்.

எஸ்டா கட்டணம் 2025 செப்டம்பர் 30 அன்று 21 அமெரிக்க டாலரிலிருந்து 40 டாலராக ஏறியது. 'டாட் கவ்' என்று முடியும் அரசுத் தளத்தில் மட்டும் விண்ணப்பியுங்கள். தேடினால் மேலே வந்து நிற்கும் விளம்பரத் தளங்கள் கூடுதலாகப் பணம் பிடுங்குகின்றன. வயதானவர்கள் அதில் மாட்டுவதைப் பார்த்தால் வயிறு எரிகிறது. புறப்பட 72 மணி நேரத்துக்கு முன்பாவது விண்ணப்பிக்கச் சொல்கிறார்கள். டிக்கெட் வாங்கும் முன்பே போடுங்கள் என்பேன் நான்.

பாஸ்போர்ட்டில் படம் உள்ள பக்கத்தின் அடியில் இரண்டு வரி இருக்கும். பெயரை அதைப் பார்த்து அடியுங்கள். எண்ணில் வருவது 'ஓ' எழுத்தா பூஜ்யமா என்று கண்ணாடி போட்டுப் பாருங்கள். ஓரெழுத்து மாறினாலும் விமான நிலையக் கவுன்டரில் உங்கள் அனுமதி திரையில் வராது.

இனி பலருக்கும் தெரியாத விஷயம். கனடா பொதுவாக 6 மாதம் வரை தங்க விடும். எஸ்டாவில் வருகிறவருக்கு அமெரிக்கா தருவது 90 நாள். அமெரிக்கா வழியாகக் கனடா போய், அதே வழியில் திரும்பினால், கனடாவில் இருந்த நாட்களும் அந்த 90-க்குள் அடங்க வேண்டும். பேரப்பிள்ளை பிறந்திருக்கிறது, நான்கு மாதம் இருந்துவிட்டு வருவேன் என்றால், நியூயார்க் டிக்கெட் எவ்வளவு மலிவாக இருந்தாலும் விடுங்கள். துபாய் வழியாக டொராண்டோ போய் வாருங்கள். இடிஏ மட்டும் போதும்.

2011 மார்ச் 1-க்குப் பிறகு ஈராக், லிபியா, ஏமன் போன்ற நாடுகளுக்கு வேலைக்குப் போய் வந்தவர்களுக்கு எஸ்டா கிடைக்காது. அமெரிக்க விசாவே எடுக்க வேண்டும். 2021 ஜனவரி 12-க்குப் பிறகு கியூபா போனவர்களுக்கும் இதே கதைதான்.

கணவர் சிங்கப்பூர், மனைவி இந்தியப் பாஸ்போர்ட் என்றால் இந்த அனுமதிகள் மனைவிக்குப் பொருந்தாது. அவருக்குக் கனடா விசா வேண்டும். அமெரிக்கா வழியாகப் போனால் அந்நாட்டு விசாவும் தனியாக வேண்டும். இருவரும் சேர்ந்து போகும்போது, அவருடைய விசா கைக்கு வந்த பிறகே இருவருக்கும் டிக்கெட் போடுங்கள்.