ஒரிஜினல் டாகுமெண்டை தபால்ல அனுப்பப் போறீங்களா? கவர் ஒட்டுறதுல இருந்து கைக்குப் போய்ச் சேர்ற வரைக்கும்

ரெண்டு வருஷம் முன்னாடி எங்க அக்காவோட பாகப்பிரிவினை பத்திரத்தை ஓசூர்ல இருந்து மதுரைக்கு ஒரு கூரியர்ல போட்டு விட்டேன். மறுநாள் மத்தியானமே டெலிவரி ஆயிடுச்சுன்னு மெசேஜ் வந்துடுச்சு, அட பரவால்லயேன்னு அக்காவுக்கு போன் போட்டா "எனக்கு ஒண்ணும் வரலையேடா"ங்குது. மூணு நாள் தேடி கடைசில அபார்ட்மெண்ட் வாட்ச்மேன் மேஜைக்கு அடியில, பழைய பேப்பர் கட்டுக்கு நடுவுல இருந்து எடுத்தாங்க, கவர் மேல டீ கிளாஸ் வச்ச வட்டம் வேற. வழியில ஒண்ணும் ஆகல, கடைசியா யார் கையில குடுத்தாங்கங்கறதுலதான் கோட்டை விட்டேன். அதனால இந்தப் பதிவுல பேக்கிங்கை விட அந்த கடைசி கையைப் பத்திதான் அதிகமா சொல்லப் போறேன்.

முதல்ல ஒரு கேள்வி, ஒரிஜினல் நிஜமாவே போகணுமா? நிறைய இடத்துல டிஜிலாக்கர்ல இருக்கற மார்க் ஷீட்டையே ஒத்துக்கறாங்க. பத்திரம்னா சார்பதிவாளர் ஆபீஸ்ல சான்றிட்ட நகல் போட்டு அதை அனுப்பினா போதுமான்னு கேட்டுப் பாருங்க. போன்ல ஒரு வார்த்தை கேட்டா முடிஞ்சு போற விஷயத்துக்கு தாய்ப் பத்திரத்தை ஊர் ஊரா அனுப்பறது தேவையா. வேற வழியே இல்ல, ஒரிஜினல்தான் வேணுங்கறாங்கன்னா மேல படிங்க.

ஸ்கேன்

ஒவ்வொரு பக்கமும், பின்பக்கம் உட்பட, ஸ்கேன் பண்ணி வச்சுக்குங்க. பின்னாடி என்ன இருக்குன்னு விட்டுடாதீங்க, பத்திரத்துல சீல், கையெழுத்து, பதிவு நம்பர் எல்லாம் பல சமயம் பின்பக்கம்தான் இருக்கும். அப்படியே ஒரு துண்டுச் சீட்டுல உள்ள என்னென்ன வைக்கிறோம்னு எழுதி (பத்தாவது மார்க் ஷீட் 1, டிசி 1, இப்படி) அதையும் உள்ள வச்சிடுங்க, வாங்கறவர் சரிபார்க்க ஈஸியா இருக்கும். தப்பித் தவறி தொலைஞ்சா தமிழ்நாடு போலீஸ் வெப்சைட்ல ஆன்லைன்லயே தொலைஞ்சு போச்சுன்னு பதியலாம், அப்ப சர்டிபிகேட் நம்பர் கேப்பாங்க, அந்த நேரத்துல இந்த ஸ்கேன்தான் உங்களைக் காப்பாத்தும்.

லேமினேட் மட்டும் பண்ணிடாதீங்க. பத்திரமா போகும்னு நெனச்சு நிறைய பேர் பண்றாங்க, ஆனா பின்னாடி அட்டஸ்டேஷன்னு போனா லேமினேட் பண்ணதை வாங்க மாட்டேன்னு திருப்பி விட்டுடுவாங்க.

பேக்கிங்

டாகுமெண்டை மடிக்காம ஒரு பிளாஸ்டிக் ஃபைல்ல போடுங்க, தண்ணி பட்டாலும் ஒண்ணும் ஆகாது. அதுக்கு முன்னும் பின்னும் ஒவ்வொரு அட்டை, பழைய காலண்டர் அட்டையே போதும், அளவா வெட்டிக்கலாம். அப்புறம் துணி கவர். உள்பக்கம் துணி ஒட்டின அந்த மஞ்சள் கவர் ஸ்டேஷனரி கடையில கிடைக்கும், கிழியாது. ஸ்டேப்ளர் அடிக்காதீங்க, பின் பேப்பரைக் குத்தும், மழைக்காலத்துல துரு வேற. போஸ்ட் ஆபீஸ் மேஜையில ஒரு பசை டப்பா இருக்கும், அதுல பாதி நாள் குச்சி மட்டும்தான் இருக்கும், அதனால வீட்லயே ஒட்டிட்டு மேல டேப்பும் போட்டுட்டுப் போங்க.

கவருக்கு மேல "ஒரிஜினல் சர்டிபிகேட்ஸ், ஜாக்கிரதை"ன்னு பெருசா எழுதறவங்களைப் பார்த்திருக்கேன். அதுல யாரு ஜாக்கிரதையா இருப்பாங்கன்னு நெனக்கறீங்க? ஒண்ணும் எழுத வேணாம். அப்புறம் உள்ள "செலவுக்கு வச்சுக்கோ"ன்னு நூறு ரூபாய் நோட்டு வைக்கிற பழக்கமும் வேணாம், இன்ஷூர் பண்ணாத தபால்ல பணம் வைக்கக் கூடாதுன்னு ரூலே இருக்கு.

அட்ரஸ்

இதுலதான் நிறைய பேர் அசால்ட்டா விடறாங்க. அண்ணா நகர் சென்னையிலயும் இருக்கு, மதுரையிலயும் இருக்கு, திருச்சியிலயும் இருக்கு, காந்தி நகர் எத்தனைன்னு எண்ணவே முடியாது. இந்தக் குழப்பத்துக்குத்தான் 1972 ஆகஸ்ட் 15ல பின்கோடே கொண்டு வந்தாங்க. ஆறு நம்பர்ல முதல் மூணு எந்த ஏரியாவுக்கு தபால் பிரியணும்னு சொல்லும் (600 சென்னை, 625 மதுரை), கடைசி மூணு எந்த போஸ்ட் ஆபீஸ்ல இருந்து டெலிவரி ஆகும்னு சொல்லும். அந்த கடைசி மூணைத்தான் நாம உத்தேசமா போட்டுடறோம். இந்தியா போஸ்ட் வெப்சைட்ல தேடிப் பாருங்க, இல்லன்னா வாங்கறவரோட வீட்டு கேஸ் பில்லையோ கரண்ட் பில்லையோ போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்க, நான் அப்படித்தான் பண்றேன்.

பால் பாயிண்ட் பேனாவால எழுதுங்க, இங்க் பேனா வேணாம். பெறுநர், அனுப்புநர் ரெண்டு பேரோட மொபைல் நம்பரும் கட்டாயம். கவுண்டர்ல பார்கோடு ஸ்டிக்கர் ஒட்டுவாங்க, அதுக்கு கவர்ல கொஞ்சம் இடம் விட்டுடுங்க.

கவுண்டர்ல என்ன கேக்கணும்

"ரிஜிஸ்டர் போஸ்ட்ல அனுப்பு, அதான் சேஃப்டி"ன்னு வீட்ல பெரியவங்க சொல்வாங்க. அது 2025ல ஸ்பீடு போஸ்ட்டோட சேர்ந்து போச்சு. ஆனா காணாமப் போயிடல, ஸ்பீடு போஸ்ட் போடும்போது கூடவே "ரிஜிஸ்ட்ரேஷன்" வேணும்னு வாயைத் திறந்து கேக்கணும், அவ்ளோதான். வித்தியாசம் என்னன்னா, சாதாரண ஸ்பீடு போஸ்ட் அந்த அட்ரஸ்ல போய்ச் சேரும், வீட்ல யார் இருந்தாலும் வாங்கிக்கலாம். ரிஜிஸ்ட்ரேஷன் போட்டா அந்த பேருக்கு உரியவர், இல்ல அவர் எழுதிக் குடுத்த ஆள், இவங்க கையில மட்டும்தான் குடுக்கணும். எங்க அக்கா பத்திரத்துக்கு நான் செய்யாம விட்டது இதைத்தான். இன்னொண்ணு ஓடிபி டெலிவரி, வாங்கறவர் மொபைலுக்கு வர நம்பரைச் சொன்னாதான் தருவாங்க. வயசானவங்களுக்கு அனுப்பறீங்கன்னா ரிஜிஸ்ட்ரேஷனே போடுங்க, ஓடிபி எங்க வந்துச்சுன்னு அவங்க தேடறதுக்குள்ள போஸ்ட்மேன் அடுத்த தெருவுக்குப் போயிடுவார்.

காசு எவ்வளவு ஆகும்? 2025 அக்டோபர்ல இருந்து இருக்கற ரேட் படி 50 கிராம் வரைக்கும் உள்ளூருக்கு 19, வெளியூருக்கு 47. ஆனா 50 கிராம்ங்கறது ரொம்ப கம்மி, ஒரு ஏ4 ஷீட்டே கிட்டத்தட்ட 5 கிராம், அட்டை, ஃபைல், துணி கவர் எல்லாம் சேர்ந்தா நாம அடுத்த ஸ்லாபுக்குப் போயிடுவோம். 250 கிராம் வரைக்கும், 200ல இருந்து 500 கிலோமீட்டர் தூரத்துக்கு 63 ரூபாய். ரிஜிஸ்ட்ரேஷன் 5, ஓடிபியும் 5. இதுல ஒண்ணு சேர்த்தா 68, ஜிஎஸ்டியோட 80 சொச்சம். அந்த அஞ்சு ரூபாயை மிச்சம் பிடிக்காதீங்க சாமி.

ஏன்னா தொலைஞ்சா கிடைக்கற நஷ்ட ஈடு என்ன தெரியுமா, கட்டின கட்டணத்துல ரெண்டு மடங்கு, இல்ல 1000 ரூபாய், எது கம்மியோ அது. அதாவது நம்ம கணக்குல நூத்தி அறுபது ரூபாய் பக்கம். உள்ள இருக்கறது வீட்டுப் பத்திரமா கல்யாணப் பத்திரிகையாங்கறதெல்லாம் கணக்குலயே வராது.

ரசீது வாங்கினதும் அங்கேயே நின்னு பேர், பின்கோடு சரியா ஏறியிருக்கான்னு பாருங்க, தப்பா இருந்தா அப்பவே திருத்தலாம். உடனே ஒரு போட்டோ. அந்த தெர்மல் பேப்பர் ரசீதை பர்ஸ்ல வச்சா ஆறு மாசத்துல வெள்ளைப் பேப்பர் ஆயிடும், அனுப்பறது கோர்ட் நோட்டீஸ் மாதிரி விஷயம்னா அந்த ரசீதுதான் சாட்சி.

நாளும் பாத்துக்கோங்க. வெள்ளி, சனி சாயங்காலம் போட்டா ஞாயித்துக்கிழமை எங்கயாவது மூட்டையில உக்காந்திருக்கும். நான் திங்கள் இல்ல செவ்வாய் காலையில போடுவேன், மத்தியானம் பை கட்டறதுக்கு முன்னாடி.

போட்ட பிறகு

ரசீதுல 13 எழுத்துல ஒரு நம்பர் இருக்கும், முன்னாடி ரெண்டு இங்கிலீஷ் எழுத்து, நடுவுல ஒன்பது நம்பர், கடைசில 'ஐ என்'. அதை வாங்கறவருக்கு வாட்ஸ்அப்ல அனுப்பிட்டு, தினமும் ஒரு தடவை ட்ராக் பண்ணுங்க. அவங்க ஊர் டெலிவரி போஸ்ட் ஆபீஸ்க்கு வந்துடுச்சுன்னு காட்டினா உடனே போன் பண்ணி "இன்னைக்கு வீட்ல இரு, ஐடி ப்ரூஃப் கையில வச்சுக்கோ"ன்னு சொல்லுங்க. கதவு பூட்டியிருந்துச்சுன்னா போஸ்ட்மேன் சீட்டு வச்சுட்டுப் போவார், அதை எடுத்துக்கிட்டு நேரா போஸ்ட் ஆபீஸ் போகணும், சும்மா விட்டா கொஞ்ச நாள்ல உங்களுக்கே திரும்பி வந்துடும். ரெண்டு மூணு நாளா ஒரே இடத்துல நிக்குதுன்னா 1800 266 6868க்கு போன் போடுங்க, காசு இல்ல, அப்படியே வெப்சைட்லயும் கம்ப்ளைன்ட் பதிஞ்சு அந்த நம்பரை எழுதி வைங்க.

கவரைப் பிரிக்கும்போது வீடியோ எடுக்கச் சொல்லுங்க, அந்த துண்டுச் சீட்டை வச்சு ஒவ்வொண்ணா காட்டணும். எங்க அக்கா போன மாசம் நான் அனுப்பின பட்டா நகலைப் பிரிச்சு அப்படியே வீடியோ எடுத்துச்சு. பின்னாடி அதே வாட்ச்மேன் அண்ணன் நின்னுகிட்டு "நான் தொடவே இல்ல தம்பி"ன்னு கேமராவைப் பார்த்து கையை ஆட்டறார்.