தண்ணி, ஐஸ், முட்டை உதாரணம் இல்லாம திரித்துவத்த கிளாஸ்ல நடத்துறது எப்படி

திடப்படுத்தல் (கன்ஃபர்மேஷன்) கிளாஸ், சண்டே ஸ்கூல் பெரிய பிள்ளைங்க, வாலிபர் கூட்டம்னு எதுல பாடம் எடுத்தாலும் திரித்துவம், அதாவது பிதா, குமாரன், பரிசுத்த ஆவி மூவரும் ஒரே தேவன்ங்கற உபதேசம், வர்ற வாரம் மட்டும் யாராவது ஒரு டீச்சர் லீவு போட்ருவாங்க. காரணம் சிம்பிள், நாம அதை ஒரு கணக்கு மாதிரி ஆரம்பிக்கிறோம். மூணு எப்படி ஒண்ணாகும்னு போர்டுல எழுதிட்டு அப்புறம் நாமளே முழிக்கிறோம். கணக்குல ஆரம்பிக்காதீங்க, ரட்சிப்புல இருந்து, அதாவது தேவன் நம்மள மீட்டதுல இருந்து ஆரம்பிங்க. ஆதி சபையும் அப்படித்தான் இதுக்குள்ள வந்துச்சு, இயேசு நம்மள ரட்சிச்சாரு, ஆவியானவர் நமக்குள்ள இருக்காரு, ஆனா தேவன் ஒருத்தர்தான், அப்போ இதை எப்படி சொல்றதுன்னு யோசிச்சு வந்த பதில்தான் திரித்துவம்.

முதல்ல மத்தேயு 3:16, 17 ஒரு பிள்ளைய சத்தமா வாசிக்க சொல்லுங்க. வாசிச்சதும் விளக்கத்துக்கு போகாதீங்க, கேள்வி கேளுங்க. தண்ணிய விட்டு கரையேறுறது யாரு? புறாவ போல இறங்குறது யாரு? "இவர் என்னுடைய நேசகுமாரன்"னு சத்தம் யாருடையது? மூணு பேரும் ஒரே நேரத்துல அங்க இருக்காங்க, ஒருத்தர் இன்னொருத்தர் இல்ல, இதை பிள்ளைங்களே சொல்லிடுவாங்க.

இப்போ அந்த தண்ணி, ஐஸ், நீராவி உதாரணத்த எடுங்க, ஏன்னா யாராவது கட்டாயம் சொல்லுவாங்க. ஒரே தண்ணி ஒரு நேரம் ஐஸ், ஒரு நேரம் நீராவி, அதாவது ஒருத்தரே மூணு வேஷம் போடுறாரு. 3-ம் நூற்றாண்டுல சபெல்லியுன்னு ஒருத்தர் பேரால அறியப்பட்ட உபதேசம் இதுதான், சபை அப்பவே வேண்டாம்னு சொல்லிடுச்சு. வேஷம்தான்னா அந்த ஞானஸ்நானத்தப்போ யோர்தான் ஆத்துல பேசினது யாரு, சிலுவைக்கு முந்தின ராத்திரி கெத்செமனே தோட்டத்துல இயேசு யார்கிட்ட ஜெபம் பண்ணாரு? ஓடு, வெள்ளைக்கரு, மஞ்சக்கரு மூணும் சேர்ந்து ஒரே முட்டைங்கற உதாரணம் வேற பக்கம் சறுக்கும். ஓடு மட்டும் முட்டை இல்லையே, அப்படின்னா குமாரன் தேவனோட மூணுல ஒரு பங்கா? கொலோசெயர் 2:9 "தேவத்துவத்தின் பரிபூரணமெல்லாம்" அவருக்குள்ள இருக்குன்னுல்ல சொல்லுது. இதுக்கு பதிலா வேற உதாரணம் கேப்பாங்க, குடுக்காதீங்க. தேவனுக்கு ஒப்பான ஒண்ண கடைல போய் வாங்கிட்டு வர முடியாது.

அதுக்கு பதிலா போர்டுல ஒரு முக்கோணம் போடுங்க, மூணு மூலையில பிதா, குமாரன், பரிசுத்த ஆவி, நடுவுல தேவன். மூலையில இருந்து நடுவுக்கு போற கோட்டுல "ஆவார்", மூலைக்கும் மூலைக்கும் நடுவுல "அல்ல". ரொம்ப பழைய படம், ஐரோப்பால பல நூறு வருஷமா போட்டுட்டு வர்றாங்க. இது எதையும் விளக்காது, ஆனா எங்க தப்பு பண்ணக்கூடாதுன்னு வேலி போடும், நமக்கு அது போதும். ஒவ்வொரு கோட்டுக்கும் ஒரு வசனம் எழுத சொல்லுங்க. தேவன் ஒருவரேன்னு உபாகமம் 6:4, குமாரனுக்கு யோவான் 1:1 அப்புறம் தோமா சொன்ன 20:28, ஆவியானவருக்கு அப்போஸ்தலர் 5:3, 4, அனனியா ஆவியானவர்கிட்ட பொய் சொன்னான், பேதுரு அதை தேவன்கிட்ட பொய் சொன்னதா சொல்றாரு.

ஒரு எச்சரிக்கை. நம்ம பழைய மொழிபெயர்ப்புல 1 யோவான் 5:7ல பிதா, வார்த்தை, பரிசுத்த ஆவி மூவரும் ஒன்றுன்னு பட்டுனு இருக்கும், அதை மெயின் ஆதாரமா வைக்காதீங்க. பழைய கிரேக்க கையெழுத்துப் பிரதிகள்ல அந்த வரி கிடையாது, எராஸ்மஸ்ங்கற அறிஞர் 1516ல அச்சடிச்ச கிரேக்க புதிய ஏற்பாட்டோட முதல் பதிப்புலயே இல்ல, 1522லதான் சேர்த்தாரு. திரித்துவத்த ஏத்துக்காத யெகோவா சாட்சிகள் யாராவது வீட்டுக்கு வந்து இதை காட்டினா பிள்ளைங்க ஆடிப்போயிடக் கூடாது. அந்த ஒரு வரி போனாலும் உபதேசம் போகாது.

அடுத்து ரட்சிப்பு. இங்க அவசரப்படாதீங்க, நேரம் எடுத்துக்கோங்க. எகிப்துல இருக்கிற அலெக்சாந்திரியால ஆரியுன்னு ஒரு மூப்பர், குமாரன் உயர்ந்தவர்தான் ஆனா படைக்கப்பட்டவர்னு சொன்னாரு. கேக்க பெரிய வித்தியாசம் மாதிரி தெரியாது. ஆனா படைக்கப்பட்ட ஒருத்தர் எப்படி மத்த படைப்ப ரட்சிக்க முடியும்னு பின்னாடி அதே ஊர் பேராயரான அத்தனாசியு விடாம பிடிச்சுக்கிட்டாரு. 325ல நிசேயால கூடின ஆயர்கள் மாநாட்டுல குமாரன் பிதாவோட ஒரே தன்மை உள்ளவர்னு முடிவாச்சு, 381ல கான்ஸ்டான்டிநோபிள் மாநாட்டுல விசுவாசப்பிரமாணத்துல ஆவியானவர பத்தின பகுதியும் விரிஞ்சுது. அதனால இது பண்டிதர் சண்டை இல்ல, சிலுவையில தொங்கினது யாருங்கற கேள்வி.

எபேசியர் 1:3-14 ஜெராக்ஸ் எடுத்து குடுத்து மூணு கலர் பேனால கோடு போட சொல்லுங்க. பிதா நம்மள தேர்ந்தெடுத்தாரு (4), குமாரனோட ரத்தத்தால மீட்பு (7), ஆவியானவர் முத்திரை (13). பேப்பர் பூரா கலர் ஆகிடும், அப்போ புரியும்.

பிள்ளைங்க மனசுல வழக்கமா ஒரு படம் இருக்கும், பெரியவங்க மனசுலயும் இருக்கு, பிதா கோவக்காரர், இயேசு நல்லவர், நடுவுல வந்து சமாதானம் பண்ணி வெச்சாருன்னு. நம்ம பிரசங்கங்களே பாதி இதுக்கு காரணம். யோவான் 3:16ல அன்பு யாருடையது? பிதாவோடது. எபிரெயர் 9:14 பாருங்க, கிறிஸ்து நித்திய ஆவியினாலே தம்மை தேவனுக்கு ஒப்புக்கொடுத்தார், ஒரே வசனத்துல மூவரும் சிலுவை பக்கத்துல நிக்கிறாங்க.

கேள்வி நேரத்துக்கு ரெடியா போங்க. "பிதா என்னிலும் பெரியவர்"னு இயேசுவே சொல்றாரே (யோவான் 14:28)? பிலிப்பியர் 2:6-8க்கு கூட்டிட்டு போங்க, அடிமையின் ரூபம் எடுத்தவர் அந்த நிலைமையில இருந்து பேசுறாரு. பிரம்மா விஷ்ணு சிவன் மாதிரியான்னு ஸ்கூல் ஃப்ரெண்ட் கேட்டான்னு ஒருத்தன் சொல்லுவான். அவங்க நம்பிக்கைய கிண்டல் பண்ணாம, நம்ம பக்கம் வேலைய ஆளுக்கொண்ணா பிரிக்கிறது இல்ல, படைப்புலயே ஆதியாகமம் 1:1, 2, யோவான் 1:3ன்னு மூவரும் இருக்காங்கன்னு மட்டும் சொல்லுங்க.

இன்னொண்ணு, "நீ ரட்சிக்கப்பட்ட தேதி என்ன?"ன்னு பெந்தெகொஸ்தே ஃப்ரெண்ட் கேட்டு நம்ம பிள்ளை முழிச்சிருக்கும். தேதி இருக்கிறவங்களுக்கு சந்தோஷம், இல்லாதவங்கள பயமுறுத்த வேண்டாம். கிருபையால ரட்சிக்கப்பட்டீங்க (எபேசியர் 2:8), ரட்சிக்கப்படுற நமக்கு (1 கொரிந்தியர் 1:18), இனிமே ரட்சிக்கப்படுவோம் (ரோமர் 5:9), பவுல் மூணு காலத்துலயும் பேசுறாரு.

இவ்வளவும் ஒரே ஞாயித்துக்கிழமை முடியாது. முக்கோணம் வரைக்கும் ஒரு வாரம், எபேசியர் அடுத்த வாரம், கேள்விக்குன்னு தனியா ஒரு வாரம் ஆயர்கிட்ட முன்னாடியே கேட்டு வாங்கிடுங்க.