காற்புள்ளியை எங்கே வைப்பது?

நிறுத்தற்குறிகளில் முற்றுப்புள்ளி யாரையும் அதிகம் படுத்துவதில்லை, குழப்பமெல்லாம் காற்புள்ளியில்தான், அதனால் அதிலிருந்தே தொடங்கலாம். 'அவர் நேற்று வந்த பையனைப் பார்த்தார்.' இதில் நேற்று என்பது பையன் வந்த நாளா, அவர் பார்த்த நாளா? 'அவர், நேற்று வந்த பையனைப் பார்த்தார்' என்று எழுதினால் பையன் வந்தது நேற்று என்று தெளிவாகிவிடும். மற்ற பொருள்தான் வேண்டும் என்றால் காற்புள்ளியை நம்பாமல் சொல்லையே இடம் மாற்றுங்கள்: 'வந்த பையனை அவர் நேற்றுப் பார்த்தார்.' மூச்சு விடும் இடத்திலெல்லாம் காற்புள்ளி போடுவதைவிட, எந்தச் சொல் எதோடு சேர வேண்டும் என்று பார்த்துப் போடுவதே சரி.

பல இடங்களில் நம் விகுதிகளே இந்த வேலையைச் செய்துவிடும். 'பேனா, பென்சில், தாள் ஆகியவை' என்பதில் காற்புள்ளி வேண்டும், ஆனால் 'தாள்' என்பதற்குப் பிறகு வேண்டாம். 'பேனாவும் பென்சிலும் தாளும்' என்று எழுதினால் எங்குமே தேவையில்லை, 'உம்' போதும்.

அப்புறம் ஒற்று. 'கதவை மூடிச் சாவியை எடுத்தான்' சரி, 'கதவை மூடி, சாவியை எடுத்தான்' என்பதும் சரி. 'மூடிச், சாவியை' என்று இரண்டையும் சேர்த்துப் போடுவதுதான் தவறு, காற்புள்ளி வந்துவிட்டால் அங்கே வல்லினம் மிகாது. இதைப் பலர் கவனிப்பதே இல்லை.

'அவன் எங்கே போனான் என்று தெரியவில்லை.' எங்கே என்ற சொல்லைப் பார்த்ததும் கை தானாகக் கேள்விக்குறி போடப் போகும், போடாதீர்கள், இது செய்திதான். 'தெரியுமா' என்று முடிந்தால் மட்டும் போடுங்கள்.

பேச்சை எழுதும்போது இரட்டை மேற்கோள்: "நான் வரவில்லை" என்றான். உள்ளே முற்றுப்புள்ளி வேண்டாம், வாக்கியம் 'என்றான்' என்பதில்தான் முடிகிறது. கேள்விக்குறியும் உணர்ச்சிக்குறியும் பேச்சுக்கே உரியவை என்றால் உள்ளேயே இருக்கட்டும்: "வருகிறாயா?" என்று கேட்டாள். உணர்ச்சிக்குறி ஒன்றே போதும், மூன்று போட்டால் உணர்ச்சி அதிகமாகிவிடாது.

நெருங்கிய தொடர்புள்ள இரண்டு முழு வாக்கியங்களுக்கு நடுவே அரைப்புள்ளி (;): 'மழை பிடித்தது; ஆட்டம் நின்றது.' பட்டியலோ எடுத்துக்காட்டோ வரப்போகிறது என்றால் முக்காற்புள்ளி (:).

தட்டச்சு செய்யும்போது மேற்கோள் குறியைத் தவிர இந்தக் குறிகளுக்கு முன்னால் இடைவெளி விடாதீர்கள், பின்னால் விடுங்கள். முன்னால் விட்டால் கைப்பேசித் திரையில் வரி உடையும் இடத்தில் குறி மட்டும் தனியாக அடுத்த வரிக்குப் போய்விடும்.