சயின்ஸ் ஃபிக்‌ஷன், ஃபேன்டஸி சீரிஸ் பார்க்கத் தொடங்குவது எப்படி? கூத்து பார்த்து வளர்ந்தவர்களுக்குச் சில படிகள்

கம்பெனி பஸ்ஸில் என் பக்கத்து சீட்டில் உட்காரும் தம்பி போன வாரம் புலம்பினான். "அண்ணா, எல்லாரும் சொல்றாங்களேன்னு அந்த டிராகன் சீரிஸைப் போட்டேன். அரை மணி நேரத்துல பதினஞ்சு பேர் வந்துட்டாங்க. யாருக்கு யாரு என்ன முறைன்னே தெரியல. மூடி வச்சுட்டேன்."

அவன் தர்மபுரி பக்கத்து ஆள். "உங்க ஊர்ல பாரதம் வைப்பாங்களா?" என்று கேட்டேன், மகாபாரதக் கதையைக் கூத்தாக நடத்தும் கோயில் திருவிழாவைத்தான். வைப்பார்களாம், பதினெட்டு நாள். "சகுனி யாரு?" "துரியோதனனுக்குத் தாய்மாமன்." "அபிமன்யு சம்சாரம் பேரு?" "உத்தரை." யோசிக்கவே இல்லை. நூறு கௌரவர்களை வைத்துக்கொண்டு கதை கேட்ட ஊரில் பிறந்துவிட்டு, பதினைந்து பேரைப் பார்த்துப் பயந்தால் எப்படி?

நான் கிருஷ்ணகிரியில் ஏறி ஓசூரில் இறங்குகிறவன். பார்த்த சீரிஸில் பாதிக்கு மேல் இந்த பஸ்ஸில்தான் பார்த்தேன். அவனுக்கு வாயால் சொன்னதை இங்கே வரிசையாக எழுதுகிறேன். எல்லாம் என் சொந்த அபிப்பிராயம், சண்டைக்கு வரலாம்.

படி 1: சின்னதாகத் தொடங்குங்கள்

ராஜாக்களும் டிராகன்களும் வரும் 'கேம் ஆஃப் த்ரோன்ஸ்' 8 சீசன், 73 எபிசோட். ஒவ்வொன்றும் ஏறக்குறைய ஒரு மணி நேரம். புதிதாக வருகிறவர் முதல் நாளே இதில் கை வைப்பது, நீச்சல் தெரியாதவன் ஒகேனக்கல்லில் போய்க் குதிப்பது மாதிரி.

ஒரே எபிசோடில் கதை முடிந்துவிடும் சீரிஸ்கள் இருக்கின்றன, அவற்றில் ஆரம்பியுங்கள். 1959-லேயே அமெரிக்காவில் 'ட்வைலைட் ஸோன்' இப்படித்தான் வந்தது, வாரம் ஒரு கதை, 1964 வரை 156 எபிசோட். இன்றைக்குக் கைக்கு எட்டுவது 'பிளாக் மிரர்'. ஆனால் தயவுசெய்து அதன் முதல் எபிசோடில் தொடங்காதீர்கள், சாப்பாட்டு நேரத்தில் நிச்சயமாக வேண்டாம், காரணம் கேட்காதீர்கள். மூன்றாவது சீசனின் முதல் எபிசோட் 'நோஸ்டைவ்' போடுங்கள். எதிரில் வருகிற ஒவ்வொரு ஆளுக்கும் எல்லாரும் போனில் ஸ்டார் போடுகிற உலகம், ஸ்டார் குறைந்தால் வீடுகூட சரியாக அமையாது. டெலிவரி பையனுக்கு ஸ்டார் போட்டுப் பழகிய நமக்கு அதை யாரும் விளக்கத் தேவையில்லை. அது பிடித்தால் அடுத்த படிக்கு வாருங்கள்.

படி 2: மொழியைச் சரிசெய்யுங்கள்

பிளேயரில் பேச்சுக் குமிழ் மாதிரி ஒரு சின்னப் படம் இருக்கும், அதைத் தொட்டால் ஆடியோ, சப்டைட்டில் இரண்டும் வரும். பல பெரிய சீரிஸ்களுக்கு இப்போது தமிழ் ஆடியோ உண்டு, 'ரிங்ஸ் ஆஃப் பவர்' 2022-ல் வந்தபோதே தமிழிலும் வந்தது. தமிழில் பார்ப்பது தகுதிக் குறைவு என்று சில மேதாவிகள் சொல்வார்கள், கண்டுகொள்ளாதீர்கள். ஆனால் 'டார்க்' என்ற ஜெர்மன் சீரிஸை மட்டும் அதன் ஜெர்மன் ஒலியிலேயே, சப்டைட்டிலோடு பாருங்கள். அந்த இங்கிலீஷ் டப்பிங்கில் எல்லாரும் கட்டுரை ஒப்பிப்பது போலப் பேசுகிறார்கள், பாதி பயம் போய்விடுகிறது.

அப்புறம், ராத்திரியே வீட்டு வைஃபையில் டவுன்லோடு செய்து வையுங்கள். சூளகிரி தாண்டும்போது கதை உச்சத்தில் நின்று வட்டம் சுற்றுகிற கொடுமையை நான் அனுபவித்துவிட்டேன்.

படி 3: ஹால் டிவியா, போனா என்று முடிவு செய்யுங்கள்

2021-ல் வந்த விதிகளின்படி ஓடிடியில் ஒவ்வொன்றுக்கும் வயதுக் குறி உண்டு: யு, யு/ஏ 7+, யு/ஏ 13+, யு/ஏ 16+, ஏ. எபிசோட் தொடங்கும்போது மூலையில் வரும். நான் அதைப் பார்க்காமல் 'கேம் ஆஃப் த்ரோன்ஸ்' முதல் எபிசோடை ஹாலில் போட்டேன். தண்ணீர் குடிக்க எழுந்து போன அப்பா திரும்பி வரவே இல்லை. ஆயா மட்டும் கடைசிவரை உட்கார்ந்து பார்த்துவிட்டு, "அந்தப் பையன ஜன்னல்ல இருந்து தள்ளிட்டானே, பாவி" என்றார். குடும்பத்தோடு பார்க்க 'மேண்டலோரியன்' என்ற விண்வெளி சீரிஸ் நல்லது. அதில் வரும் பச்சை நிற வேற்றுகிரகக் குழந்தை வந்தால் போதும், யாரும் ரிமோட்டைக் கேட்க மாட்டார்கள்.

படி 4: ஒரு காகிதம், ஒரு பேனா

இது 'டார்க்' பார்க்கிறவர்களுக்குக் கட்டாயம். விண்டன் என்று ஒரு சின்ன ஊர், காட்டுக்குள் ஒரு குகை, கான்வால்ட், நீல்சன், டாப்ளர், டீடமான் என்று நாலு குடும்பங்கள். 2019-ல் ஒரு பையன் காணாமல் போகிறான். கதை 33 வருடக் கணக்கில் 1986-க்கும் 1953-க்கும் போய் வரும், ஒரே ஆளைச் சிறுவனாகவும் கிழவனாகவும் பார்ப்பீர்கள். 3 சீசன், மொத்தம் 26 எபிசோட்தான், ஆனால் போனை நோண்டிக்கொண்டே பார்த்தால் ஒன்றும் விளங்காது.

நான் செய்தது இது: நாள்காட்டியில் கிழித்த தாள்களைத் திருப்பிப் போட்டு, வருடத்துக்கு ஒரு தாள். நடுவில் குடும்பப் பெயர், அதன் கீழே ஆட்கள். பெயர் மறந்துவிட்டால் "மஞ்சள் கோட்டு", "முகத்தில் தழும்பு" என்று அடையாளத்தை எழுதினேன். ஒரே ஆள் இரண்டு தாளில் வந்தால் இரண்டுக்கும் ஒரே எண். மூன்றாவது எபிசோடுக்குள் கை தானாகப் பழகிவிடும். 1986 தாளின் ஓரத்தில் அம்மா பால் கணக்கு எழுதி வைத்திருந்தார். இரண்டு நாள் கழித்துப் பார்த்து, 14 லிட்டருக்கும் கதையில் வரும் உல்ரிக்குக்கும் என்ன சம்பந்தம் என்று கொஞ்ச நேரம் குழம்பினேன்.

படி 5: இரணியன் சோதனை

இதுதான் எனக்கு முக்கியம். ஒரு சீரிஸ் நல்லதா கெட்டதா என்று நான் பார்ப்பது இதை வைத்துத்தான்.

இரணியன் கூத்து பார்த்திருப்பீர்கள். மனிதனாலும் சாவு கூடாது, மிருகத்தாலும் கூடாது, பகலிலும் கூடாது, இரவிலும் கூடாது, உள்ளேயும் வெளியேயும் கூடாது, ஆயுதமும் ஆகாது என்று வரம். பார்க்கிற எல்லாருக்கும் அவன் சாகப்போகிறான் என்று தெரியும். எப்படி என்பதுதான் சுவாரஸ்யம். அந்தி நேரம், வாசற்படி, பாதி சிங்கம், நகம். வரத்தில் ஒரு வார்த்தைகூட மீறப்படவில்லை, ஆனாலும் அவன் செத்தான். பெருமாள் நேராக வந்து "வரம் கேன்சல்" என்று சொல்லியிருந்தால் கூத்துப் பார்க்க வந்தவர்கள் பாயைச் சுருட்டிக்கொண்டு கிளம்பியிருப்பார்கள்.

மாயமோ விண்கலமோ, அந்த உலகத்துக்கு அதுவே சில விதிகளைப் போட்டுக்கொள்கிறது. கடைசிவரை அதைக் காப்பாற்றுகிறதா? 'டார்க்' கிட்டத்தட்ட முழுதும் காப்பாற்றுகிறது. நடந்ததைத் தடுக்க ஒருவன் கிளம்புவான், அவன் கிளம்பியதால்தான் அது நடந்திருக்கும். தங்கையைச் சிறையில் அடைத்த கம்சன் கதைதான், ஜெர்மன்காரர்கள் அதை அணுமின் நிலையத்துக்குப் பக்கத்தில் வைத்துச் சொல்லியிருக்கிறார்கள்.

'கேம் ஆஃப் த்ரோன்ஸ்' இதில்தான் கோட்டை விட்டது. (ஏழாவது சீசனின் விஷயம் வருகிறது, பார்க்காதவர்கள் இந்தப் பத்தியைத் தாண்டிவிடுங்கள்.) முதல் எபிசோடில் ராஜா தலைநகரிலிருந்து வடக்கே வந்து சேர ஒரு மாதம் ஆயிற்று என்று ராணியே அலுத்துக்கொள்வாள். அந்த ஒரு வரியில் நாடு எவ்வளவு பெரியது என்று நமக்குத் தெரிந்துவிடுகிறது. ஏழாவது சீசனில் பனிக்குள் மாட்டிக்கொண்டவர்களில் ஒருவன் கோட்டைக்கு ஓடி, அங்கிருந்து பறவை தூது போய், டிராகன்கள் கிளம்பி வந்து காப்பாற்றிவிடுகின்றன, எல்லாம் பக்கத்துத் தெருவில் நடப்பது போல. தொப்பூர் கணவாயில் லாரி ஏறவே எவ்வளவு நேரம் ஆகும் என்று தெரிந்த ஆள் நான், எப்படி நம்புவேன்? எட்டாவது சீசன் முடிவை எல்லாரும் திட்டுகிறார்கள், என் கணக்கில் அது அதற்கு முந்தைய சீசனிலேயே முடிந்துபோன விவகாரம்.

படி 6: விஞ்ஞானம் புரியவில்லை என்றால் பஸ்ஸை நினைத்துக்கொள்ளுங்கள்

சயின்ஸ் ஃபிக்‌ஷனில் எனக்கு மிகவும் பிடித்தது 'தி எக்ஸ்பேன்ஸ்', 2015 முதல் 2022 வரை, 6 சீசன். இதில் கப்பலின் தளங்கள் அடுக்குமாடிக் கட்டடம் போல ஒன்றன் மேல் ஒன்றாக இருக்கும், எஞ்சின் அடியில். எஞ்சின் தள்ளும்போது ஆட்களுக்கு எடை வரும், நிறுத்தினால் மிதப்பார்கள். பஸ் சட்டென்று கிளம்பும்போது சீட்டு முதுகை அழுத்துகிறதே, அதுதான், இங்கே முதுகுக்குப் பதில் பாதம். விண்வெளியில் பிரேக் கிடையாது, அதனால் பாதி தூரம் போனதும் கப்பலையே தலைகீழாகத் திருப்பி எஞ்சினை எதிர்ப்பக்கம் ஓட்டி வேகத்தைக் குறைப்பார்கள். இவ்வளவு தெரிந்தால் போதும், மீதி தானாகப் புரியும்.

ஆனால் எனக்கு அது பிடித்த காரணம் எஞ்சின் இல்லை, தண்ணீர். செவ்வாய்க்கும் வியாழனுக்கும் நடுவே விண்கற்களில் வேலை செய்து பிழைக்கும் ஜனங்களுக்கு, சனியின் வளையத்திலிருந்து கப்பலில் ஐஸ் வெட்டிக் கொண்டுவந்தால்தான் குடிக்கத் தண்ணீர். அளவு குறைந்தால் கலவரம். ஃப்ளோரைடு தண்ணீர் குடித்துப் பல் பழுப்பேறிய பெரியவர்களைப் பார்த்து வளர்ந்தவன் நான். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் 2013-ல் வருவதற்கு முன் எங்கள் பக்கம் குடத்தோடு நின்றவர்களைக் கேளுங்கள், அந்த சீரிஸின் முதல் சீசன் அவர்களுக்குக் கற்பனையாகவே தெரியாது.

படி 7: எப்போது விடுவது

மூன்று எபிசோட் பாருங்கள். நாலாவதைப் போட கை போகவில்லை என்றால் விட்டுவிடுங்கள், பணம் கட்டியாயிற்றே என்று பார்க்காதீர்கள். ஒரே ஒரு எச்சரிக்கை, வரிசையைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். 'ஃபயர்ஃப்ளை' என்று 2002-ல் ஒரு அருமையான சீரிஸ். ஒளிபரப்பியவர்கள் முதல் எபிசோடைக் கடைசியில் போட்டார்கள், ஜனங்களுக்குத் தலையும் வாலும் புரியவில்லை, ஒரே சீசனில் நிறுத்திவிட்டார்கள். எடுத்தது மொத்தம் 14. 'செரனிட்டி' என்ற எபிசோடிலிருந்து தொடங்குங்கள்.

முடிவு தெரிந்துவிட்டால் பார்க்கவே தோன்றாது என்கிறவர்களுக்கு: பாரதத்தின் கடைசிக் கட்டமான படுகளத்தன்று துரியோதனன் மண்ணால் செய்த பெரிய உருவமாக மல்லாந்து கிடப்பான், பீமன் எங்கே அடிப்பான் என்று கைக்குழந்தைக்கும் தெரியும், அப்படியும் வெயிலில் நிற்க இடம் கிடைக்காது. பஸ் தம்பிக்கு 'டார்க்' முடிவைத் தெரியாமல் உளறிவிட்டேன். ரெண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள் சீட்டில் உட்கார்ந்ததும் பையிலிருந்து நாலாக மடித்த தாளை எடுத்தான், மேலே 1953 என்று எழுதியிருந்தது.