நீலகிரியைத் தனி வண்டியில் சுற்றிப் பார்க்க: ஏறுமுன் பேசி முடிக்க வேண்டியவை

கோயம்புத்தூரில் விமானம் விட்டு இறங்கி ஊட்டிக்கு ஏறுகிறவர்கள் முதலில் மாற்றிக்கொள்ள வேண்டியது தூரக் கணக்கை. குன்னூரிலிருந்து ஊட்டி ஏறக்குறைய 19 கிலோமீட்டர். சாதாரண நாளில் முக்கால் மணி நேரம் போதும். மே மாத ஞாயிற்றுக்கிழமையில் அதே தூரத்துக்கு இரண்டு மணி நேரம்கூடப் பிடிக்கும். சென்னையிலோ மும்பையிலோ வழிகாட்டியோடு சுற்றும்போது ஓரிடம் பூட்டியிருந்தால் பத்து நிமிடத்தில் அடுத்த இடத்துக்குப் போய்விடலாம். இங்கே இடங்களைப் பார்க்கும் வரிசை தவறினால் அந்த நாளே போய்விடும். பெரும்பாலான குடும்பங்கள் ஏமாறுவது பணத்தில் அல்ல, இந்த நேரக் கணக்கில்தான்.

ஊட்டியில் சுற்றுலா வண்டிகளைப் ‘பாயிண்ட்’ கணக்கில் பேசுவார்கள். ‘ஊட்டி லோக்கல் ஏழு பாயிண்ட்’, ‘குன்னூர் எட்டு பாயிண்ட்’, ‘பைக்காரா லைன்’ என்று அட்டையே வைத்திருப்பார்கள். அந்த எட்டில் ஒரு சாக்லேட் கடை, ஒரு தைலக் கடை, வண்டியை ஓரங்கட்டி இரண்டு நிமிடம் எட்டிப் பார்க்கும் வளைவு ஒன்று, எல்லாமே பாயிண்ட்தான். இடங்களை எண்ணி வாங்காமல் நேரத்தை வாங்குங்கள். ‘காலை ஏழு முதல் மாலை ஐந்து வரை வண்டி எங்களோடு இருக்க வேண்டும், இடத்தை நாங்கள் சொல்கிறோம்’ என்று பேசினால் தொகை சற்றுக் கூடலாம். ஆனால் ஓரிடத்தில் அப்பா அம்மா அரை மணி நேரம் கூடுதலாக உட்கார ஆசைப்பட்டால் யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள்.

எந்த வண்டி என்பது அடுத்த கேள்வி. டி.என். 43 என்று தொடங்கும் எண் நீலகிரிப் பதிவு. முடிந்தவரை அந்த வண்டியை, அந்த ஊர் ஓட்டுநரையே பிடியுங்கள். மஞ்சள் போர்டில் கறுப்பு எழுத்து இருந்தால் அது வாடகை உரிமம் உள்ள வண்டி. வெள்ளை போர்டு சொந்த உபயோகத்துக்கானது. ‘மாமாவின் நண்பர் வண்டி, குறைவாக வரும்’ என்று அதில் ஏறிவிட்டு விபத்து நேர்ந்தால் காப்பீட்டு நிறுவனம் கையை விரித்துவிடும். ஐந்து பேருக்கு மேல் என்றால் இன்னோவா சரி. நான்கு பேர் என்றால் சிறிய கார்தான் நல்லது. குன்னூரில் டால்பின் நோஸ் காட்சி முனைக்குப் போகும் எஸ்டேட் சாலையில் எதிரே வண்டி வந்தால் பெரிய வண்டி பின்னாலேயே நகர வேண்டியிருக்கும்.

கோவையிலிருந்தே வண்டி எடுத்தால் மூன்று நாளும் ஓட்டுநர் எங்கே தூங்குவார் என்று தங்கும் விடுதியில் கேட்டு வையுங்கள். பல விடுதிகளில் ஓட்டுநருக்கு அறை கிடையாது. டிசம்பர், ஜனவரியில் ஊட்டிப் புல்வெளியில் உறைபனி படியும் குளிரில், காருக்குள் முடங்கி இரவைக் கழித்தவர் மறுநாள் காலை உங்கள் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு வளைவுகளில் ஓட்டப்போகிறார். அவருக்கு ஓர் அறை எடுத்துக் கொடுப்பது உங்கள் பாதுகாப்புக்கான செலவு.

சென்னை உயர் நீதிமன்ற உத்தரவின்படி 2024 மே 7 முதல் ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் வரும் வண்டிகளுக்கு இ-பாஸ் கட்டாயம். தமிழ்நாடு அரசின் இ-பாஸ் தளத்தில் இந்தியக் கைப்பேசி எண் உள்ளவர்கள் அந்த எண்ணாலும், வெளிநாட்டிலிருந்து வருகிறவர்கள் மின்னஞ்சலாலும் பதிவு செய்யலாம். வண்டி எண், எத்தனை பேர், வரும் நாள், திரும்பும் நாள், தங்கும் இடம் ஆகியவற்றைக் கேட்கும். பாஸ் வண்டிக்குத்தான், ஆளுக்கு அல்ல. அதனால் கடைசி நேரத்தில் வண்டி மாறினால் பாஸும் மாற வேண்டும். செக்போஸ்ட்டில் பலர் சிக்குவது இதில்தான். அரசுப் பேருந்தில் ஏறினால் பாஸ் வேண்டாம். நீலகிரிப் பதிவு வண்டிகளுக்கும் விலக்கு உண்டு. 2025 கோடையில் ஊட்டிக்கு வார நாளில் 6,000, வார இறுதியில் 8,000 வண்டிகள் என்று வரம்பும் வைத்தார்கள். ஏப்ரல் முதல் ஜூன் வரை வருகிறவர்கள் விமானச் சீட்டு உறுதியானதும் இதையும் பார்த்துவிடுங்கள்.

செக்போஸ்ட்டில் பிடுங்கப்படும் இன்னொன்று பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டில். விமான நிலையத்தில் வாங்கிய அரை லிட்டர் பாட்டில்கூடத் தப்பாது. பர்லியாறிலோ குஞ்சப்பனையிலோ நிறுத்திப் பையைப் பார்ப்பார்கள், அபராதமும் போடுவார்கள். ஆளுக்கொரு ஸ்டீல் பாட்டில் எடுத்து வாருங்கள். மேலே குடிநீர் ஏ.டி.எம்.கள் உண்டு, உணவகங்களிலும் நிரப்பிக்கொள்ளலாம். சில்லறையாகக் கொஞ்சம் ரொக்கமும் கையில் இருக்கட்டும். ஊரெல்லாம் யு.பி.ஐ. ஓடுகிறது என்றாலும் எஸ்டேட் பகுதிகளில் சிக்னல் போய்விடும். வெளிநாட்டு அட்டையைச் சிறு கடைகள் வாங்குவதில்லை.

ஓட்டுநரிடம் தொலைபேசியில் பேசிவிட்டு, பேசியதை வாட்ஸ்அப்பில் எழுதி அனுப்புங்கள். இப்படி எழுதினால் போதும்:

‘அண்ணா, வர்ற 12, 13, 14 மூணு நாளைக்கு வண்டி வேணும். பெரியவங்க ரெண்டு பேர், நாங்க ரெண்டு பேர், ஒரு குழந்தை. காலையில ஏழு மணிக்குக் கிளம்பி சாயந்திரம் அஞ்சு மணிக்குத் திரும்பணும். முதல் நாள் குன்னூர், அடுத்த நாள் ஊட்டி, மூணாம் நாள் கோத்தகிரி. டீசல், பேட்டா, பார்க்கிங், செக்போஸ்ட் எல்லாம் சேர்த்து எவ்வளவுன்னு சொல்லுங்க. கடைக்குப் போகணும்னா நாங்களே சொல்றோம்.’

‘பேட்டா’ என்பது ஓட்டுநரின் தினப்படி. கடைசி வரி முக்கியம். சில கடைகள் ஆள் கொண்டு வரும் ஓட்டுநருக்குக் கமிஷன் தருகின்றன, அது உங்கள் பில்லில்தான் ஏறும். இதை முன்பே மரியாதையாகச் சொல்லிவிட்டால் வழியில் மனக்கசப்பு வராது. கிலோமீட்டர் கணக்கில் பேசியிருந்தால் மீட்டர் எங்கிருந்து ஓடுகிறது என்று கேளுங்கள். ‘ஷெட் டு ஷெட்’ என்றால் அவர் வீட்டிலிருந்து கிளம்பி மறுபடி வீடு சேரும் வரை. கோவை வண்டிகள் வெளியூர்ப் பயணத்துக்கு ஒரு நாளுக்கு இத்தனை கிலோமீட்டர் என்று குறைந்தபட்சக் கணக்கு வைப்பார்கள். மலையில் நாள் முழுக்கச் சுற்றினாலும் 80, 100 கிலோமீட்டர் தாண்டாது. ஓடாத தூரத்துக்கும் சேர்த்துக் கொடுப்பீர்கள். உள்ளூர் வண்டி லாபமாவதற்கு இதுவும் காரணம்.

வழிகாட்டி தனியாக வேண்டுமா? பாதை, பருவம், எந்த இடம் இன்று திறந்திருக்கிறது என்பதற்கெல்லாம் மலையிலேயே பிறந்து வளர்ந்த ஓட்டுநர் போதும். பழங்குடி மக்கள், காடு, பறவை, பழைய கட்டடங்கள் என்று ஆழமாக அறிய வேண்டுமானால் ஒரு நாளுக்காவது தனி வழிகாட்டியை அமர்த்துங்கள். சுற்றுலாத் துறை அங்கீகார அட்டை இருக்கிறதா என்று கேட்பதில் தவறில்லை. ஒரு சிறு சோதனையும் உண்டு. கோத்தகிரி அருகே கன்னேரிமுக்கில் என்ன இருக்கிறது என்று கேட்டுப் பாருங்கள். 1819-இல் கோவை கலெக்டர் ஜான் சல்லிவன் கட்டிய பங்களா அங்கேதான் நினைவகமாக இருக்கிறது, ஊட்டி நகரம் உருவாகும் முன்பே எழுந்தது. அதைச் சொல்லத் தெரிந்தவர் மலையைப் படித்தவர்.

இனி எந்த மாதத்தில் எந்தப் பக்கம் என்பது. நீலகிரிக்கு இரண்டு மழை. ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவமழை மேற்குப் பக்கத்தை அடிக்கும். அவலாஞ்சி, மேல்பவானி, கூடலூர், பந்தலூர் பக்கம் திட்டம் போடாதீர்கள். 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது. அந்த மாதங்களில் கோத்தகிரி ஓரளவு காய்ந்தே இருக்கும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை இது தலைகீழாகும். வடகிழக்கு மழை குன்னூர், கோத்தகிரி சரிவுகளில் இறங்கும், மேட்டுப்பாளையம்–குன்னூர் சாலையில் மண் சரியும், மலை ரயிலும் நின்றுவிடும். தீபாவளி விடுமுறைக்கு வருகிறவர்கள் ரயிலை நம்பி மட்டும் நாளை அமைக்க வேண்டாம். முதல் முறை வருகிறவர்களுக்கு ஜனவரி முதல் மார்ச் வரையே நல்ல காலம். கூட்டமும் குறைவு, காலை வெளிச்சமும் தெளிவு.

மழையற்ற நாளிலும் மதியத்துக்கு மேல் மூடுபனி ஏறிவிடும். அதனால் காட்சி முனைகள் காலையில், கட்டடங்களும் கடைகளும் மாலையில். குன்னூர் நாளில் முதலில் டால்பின் நோஸும் லாம்ஸ் ராக்கும். பதினோரு மணிக்குள் அங்கே நின்றால் எதிர்ச் சரிவில் கேத்தரின் அருவி வெள்ளிக் கம்பியாகத் தெரியும். ஒரு மணிக்குப் போனால் வெள்ளைத் திரைதான். அதன் பிறகு 1874-இல் அமைத்த சிம்ஸ் பூங்காவில் நிழலில் நடக்கலாம். ஊட்டி நாளில் 2,637 மீட்டர் உயரத் தொட்டபெட்டாவை முதலில் வையுங்கள். யானை நடமாட்டம், சாலை வேலை என்று அதை அவ்வப்போது மூடுவார்கள், ஓட்டுநரிடம் முந்தின இரவே கேளுங்கள். தாவரவியல் பூங்காவைச் சுற்றுலாப் பேருந்துகள் வந்து சேருமுன் பார்த்துவிடுங்கள். மாலையில் தூய ஸ்டீபன் தேவாலயம். அதன் உத்தரங்கள் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் திப்பு சுல்தானின் அரண்மனையிலிருந்து கொண்டு வரப்பட்ட தேக்கு. வெலிங்டன் வழியாகப் போகும்போது ராணுவப் பகுதிகளில் கேமராவை உள்ளே வைத்துவிடுங்கள்.

மலை ரயிலையும் வண்டியையும் சேர்த்தே திட்டமிடலாம். மேட்டுப்பாளையத்தில் காலை ஏழரைக்கு முன்பே கிளம்பும் ரயில் 46 கிலோமீட்டரை ஏறி ஊட்டி சேர நண்பகலாகும். பல் சக்கரத் தண்டவாளம் கல்லாறுக்கும் குன்னூருக்கும் இடையில்தான், அதைப் பார்க்க விரும்புகிறவர்கள் முழுப் பயணத்துக்கும் முன்பதிவு செய்ய வேண்டும். முன்பதிவு 60 நாளுக்கு முன் திறக்கும், இடம் வேகமாகத் தீரும். ஊரிலுள்ள உறவினர் கணக்கில் போடச் சொல்வது சுலபம். நீண்ட நேரம் உட்கார முடியாத பெரியவர்களுக்குக் குன்னூர்–ஊட்டித் துண்டு போதும். அரவங்காடு, கேத்தி, லவ்டேல் என்று வரும் அந்த ஒரு மணி நேரப் பாதையில் அவர்களை ஏற்றிவிட்டால், வண்டி சாலை வழியே போய் ஊட்டி நிலையத்தில் காத்திருக்கும்.

தேயிலைத் தொழிற்சாலைக்குப் போனால் விற்பனைக் கூடத்தோடு திரும்பாதீர்கள். பச்சை இலையை நீண்ட தொட்டிகளில் பரப்பி இரவு முழுதும் காற்றில் வாட்டுகிறார்கள். வாடிய இலையைக் கையில் அள்ளி இறுக்கிப் பிடித்தால் முறியாமல் உருண்டையாக நிற்கும், அதுதான் பதம். பிறகு அரைத்து, விரித்துப் புளிக்க விடும்போது பச்சை நிறம் செம்புக்குத் திரும்பும், வாசனை புல்லிலிருந்து பழத்துக்கு மாறும். அந்த இடத்தில் ஐந்து நிமிடம் நிற்க அனுமதி கேளுங்கள். ஒரு கிலோ தூளுக்கு நான்கு கிலோவுக்கு மேல் இலை வேண்டும் என்பது தெரிந்தால் சாலையோரம் கூடை சுமக்கும் பெண்களைப் பார்க்கும் கண்ணே வேறாகிவிடும்.

தோடர் பழங்குடியினரின் குடியிருப்பான மந்துக்குப் போவது வேறு விஷயம். அது மக்கள் வாழும் வீடு. வழிகாட்டி முன்பே பேசி அனுமதி வாங்கியிருக்க வேண்டும். கோயிலை நெருங்கக் கூடாது, ஆட்களைப் படமெடுக்குமுன் கேட்க வேண்டும். அவர்களுடைய பூத்தையல் 2013-இல் புவிசார் குறியீடு பெற்றது. வெள்ளைத் துணியில் சிவப்பும் கறுப்பும், இழையை எண்ணி எண்ணிக் கையால் தைப்பது. கடையில் வாங்கும்போது துணியைத் திருப்பி, விரலால் தடவிப் பாருங்கள். கைத்தையலில் மேடு பள்ளம் தட்டுப்படும். அச்சு வேலை வழவழப்பாக இருக்கும்.

இலங்கை மலையகத்தோடு தொடர்புள்ள குடும்பங்களுக்கு ஒரு தனிச் சொல். 1964 இந்திய–இலங்கை ஒப்பந்தத்தின்படி தாயகம் திரும்பியவர்களுக்கு வேலை தரவே அரசு தேயிலைத் தோட்டங்கள் இங்கே அமைந்தன, ஊரார் ‘டேன்டீ’ என்பார்கள். கூடலூர், பந்தலூர், கோத்தகிரி, குன்னூர் என்று அவை பரந்திருக்கின்றன. விட்டுப்போன உறவைத் தேடி வருகிறவர்கள் பெயரை மட்டும் வைத்துத் தேடினால் கிடைக்காது. இலங்கையில் எந்தத் தோட்டம், எந்த ஆண்டு கப்பலேறினார்கள், தாத்தாவை எந்தப் பட்டப்பெயரால் அழைத்தார்கள் என்பதை வீட்டுப் பெரியவர்களிடம் எழுதி வாங்கி வாருங்கள். மண்டபம் முகாமில் கொடுத்த குடும்ப அட்டையின் நகல் இருந்தால் இன்னும் நல்லது. அந்தக் குடும்பங்களில் பிறந்து வண்டி ஓட்டுகிறவர்கள் இருக்கிறார்கள், அவர்களில் ஒருவரைத் தேடி அமர்த்துங்கள். தோட்டத் தொழிலாளர் வசிக்கும் லயன் வீடுகளுக்கு ஞாயிற்றுக்கிழமை போங்கள். மற்ற நாள்களில் எல்லாரும் மலையில் இலை பறித்துக்கொண்டிருப்பார்கள்.

இருட்டிய பின் எஸ்டேட் சாலைகளில் நடக்க வேண்டாம். குன்னூர், கோத்தகிரி பக்கம் காட்டெருமையும் கரடியும் ஊருக்குள்ளேயே வரும். பலாப்பழக் காலத்தில் பர்லியாறு, குஞ்சப்பனைச் சாலைகளில் யானை நிற்கும். ஓட்டுநர் வண்டியை நிறுத்தினால் அவர் சொல்கிற வரை கதவைத் திறக்காதீர்கள். முதுமலை வழியாக மைசூருக்குத் தொடர்கிறவர்களுக்கு, பந்திப்பூர்ச் சாலை இரவு 9 முதல் காலை 6 வரை மூடியிருக்கும்.

இறங்கும் நாளில் கவனிக்க வேண்டியது கியர். ஏறிய கியரிலேயே இறங்க வேண்டும் என்பது மலை ஓட்டுநரின் பாலபாடம். சமவெளி ஓட்டுநர் சிலர் டீசல் மிச்சம் என்று நியூட்ரலில் விட்டு, பிரேக்கை மிதித்துக்கொண்டே வருவார்கள். மேட்டுப்பாளையம் சாலையின் 14 கொண்டை ஊசி வளைவுகளில் பிரேக் சூடாகி, பிடிப்பு குறையும். ரப்பர் கருகுவதுபோல் வாசனை வந்தால் கூச்சப்படாமல், ‘அண்ணா, கொஞ்சம் ஓரமா நிறுத்துங்க, ஆறட்டும்’ என்று சொல்லுங்கள். அரை மணி நேரம் தானாக ஆற வேண்டும், தண்ணீர் ஊற்றக் கூடாது. வயிற்றைப் புரட்டுகிறவர்களை முன்சீட்டில் உட்கார வையுங்கள், இரண்டு இட்லிக்கு மேல் வேண்டாம், கைப்பேசியைப் பார்க்கவே வேண்டாம்.

சீசனில் குன்னூர் வழி ஏற்றத்துக்கும் கோத்தகிரி வழி இறக்கத்துக்கும் என்று ஒருவழிப் பாதையாக்கி விடுவார்கள். மாலை விமானம் என்றால் ஊட்டியில் காலைச் சாப்பாட்டோடு கிளம்பிவிடுங்கள். மேட்டுப்பாளையத்தில் மதியச் சாப்பாடு, அங்கேயே ஓட்டுநரோடு உட்கார்ந்து வாட்ஸ்அப் செய்தியை வைத்துக் கணக்கை முடித்துவிடுங்கள். விமான நிலைய வாசலில் பெட்டி இறக்கும் அவசரத்தில் அதைப் பேச நேரம் இருக்காது.