நண்பருடன் குதிரையில் காட்டுப்பாதைக்குக் கிளம்புகிறீர்களா?

பேச்சு சுவாரசியத்தில் முதலில் மறந்துபோவது இடைவெளிதான். முன்னால் போகும் குதிரைக்கும் உங்களுடையதற்கும் நடுவே ஒரு குதிரை நீளமாவது, அதாவது சுமார் 8 அடி, இருக்கட்டும். வாலில் சிவப்பு ரிப்பன் தெரிந்தால் இன்னும் தள்ளியே வாருங்கள். அது உதைக்கும் குதிரை என்பதற்கான அடையாளம்.

சேணம் பூட்டும்போது சில குதிரைகள் வயிற்றை உப்பிக்கொள்ளும். கள்ளத்தனம்தான்! சிறிது தூரம் நடந்த பின் வயிற்றுப்பட்டை தளர்ந்திருக்கும். நிறுத்தி மறுபடி இறுக்குங்கள். ஏற்றத்தில் சற்று முன்னால் சாயுங்கள். வேகத்தை இருவரில் அனுபவம் குறைந்தவரே தீர்மானிக்கட்டும்.

நண்பர் இறங்கி மீண்டும் ஏறும்வரை அசையாமல் நில்லுங்கள். உங்கள் குதிரை நகர்ந்தால், அவர் ஒரு காலை அங்கவடியில் (சேணத்தில் தொங்கும் கால்வளையத்தில்) வைத்திருக்கும்போதே அவருடையதும் பின்னால் கிளம்பிவிடும்.